முப்பத்து நாலாம் புள்ளி

முதல் வெட்டு நான் வெட்டியது. அதுவும் என் முகத்தில்.

பேருந்து நிறுத்தத்து வேப்பமரத்தில் பன்னிரண்டடி அகலத்துக்குக் கட்டியிருந்த ஃபிளக்ஸில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என்னை, எங்கள் வீட்டு வாழைத்தார் வெட்டுகிற அரிவாளால், ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், நெற்றியிலிருந்து தாடை வரை கிழித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. 'விண்ணை அளந்த எங்கள் வீரமங்கை ஜெபராணி' என்ற எழுத்தையும் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தேன். கீழே கூலிங்கிளாஸ் போட்டு வரிசையாக நின்ற பதினோரு பேரை விட்டுவிட்டேன். அதில் ஒருவன் என் தம்பி ஜெபஸ்டின். ஃபிளக்ஸ் வைத்ததே அவன்தான்.

அரைமணி நேரத்துக்கு முன்புதான் எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் பாகீரதி மேடத்தின் மெயில் வந்திருந்தது. கடல் தாண்டி, ஈரமே இல்லாத ஒரு மலையுச்சியில் எங்கள் தொலைநோக்கி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது பார்க்காது. மில்லிமீட்டர் அலைகளைத்தான் வாங்கும். தூசிக்குள் புதைந்து கிடக்கும் தொலைதூரக் கேலக்ஸிகள் அந்த அலைகளில் அகப்படும். வானத்தைத் துழாவி அது அனுப்பும் படத்தில் முக்கால்வாசி வெறும் குப்பை. அதற்குள் நிஜமான புள்ளிகளைப் பொறுக்குவது என் வேலை. ஆசைப்பட்டுக் குப்பையையும் பொறுக்கிவிடுகிறோமா என்று பார்க்க, மேடம் தன் பங்குக்குச் சில பொய்ப் புள்ளிகளைப் படத்தில் செருகிவைப்பார். எவை பொய் என்பதை நாங்கள் பட்டியலைக் கொடுத்த பிறகுதான் சொல்வார். அதுவரை வெளியே மூச்சுவிடக் கூடாது.

நான் விட்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், மீன்குழம்பும் சோறுமாக உட்கார்ந்து தம்பியிடம் பீற்றிக்கொண்டேன். ஆயிரத்திருநூறு கோடி வருஷத்துக்கு முன் கிளம்பிய வெளிச்சம், உலகத்திலேயே நான்தான் முதலில் பார்த்தேன் என்று. மூன்றாம் நாள் ஃபிளக்ஸ் ஏறிவிட்டது. மெயிலில் மேடம் எழுதியிருந்தார்: முப்பத்து நாலாம் புள்ளி நான் வைத்தது. நான் பீற்றிக்கொண்ட அதே புள்ளி.

முந்தின நாள் சாயங்காலமே அந்த ஃபிளக்ஸால் ஒரு தகராறு. அது கீழத்தெருக் கபடிக் குழுவின் போர்டை மறைத்தது. லோடு ஆட்டோ ஓட்டும் அப்பாத்துரை வந்து தள்ளிக் கட்டச் சொன்னான். தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். "நாளைக்கு இது இங்கன இருக்காதுலே" என்று சொல்லிவிட்டு நடந்தவன், அங்கே நின்ற என் பக்கம் வந்து, "யக்கா, அம்புட்டு தூரத்துல உள்ளத எப்படிப் பாக்கிய?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மேலத்தெருக்காரியான நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் முற்றத்தில் மேலத்தெருவே கூடிவிட்டது. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, "எம் பிள்ள முகத்த இப்படிக் கிழிச்சுட்டானுவளே" என்று அழுதார். அப்பாத்துரை பெயரை நாலு பேர் சொன்னார்கள். "அவந்தாம்லே, அவனேதான் சொல்லிட்டுப் போனானே" என்றான் ஜெபஸ்டின்.

நான் காப்பி டம்ளரோடு நின்றேன். 'நான்தான்' என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். படிக்கப் போனவள் பொய்ப் புள்ளியைக் காட்டி ஊரை ஏமாற்றினாள் என்று கீழத்தெரு வரை சிரிப்பார்கள். கூட்டம் கலைந்ததும் தம்பியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அவமானத்துக்குப் பயந்த கழுதை நான், அந்தப் பத்து நிமிஷமும் காப்பி குடித்தேன்.

தலைநிமிர்ந்தபோது தம்பியின் பைக்கைக் காணோம். நான் சுவரில் திரும்ப மாட்டியிருந்த அரிவாளும் இல்லை.

அப்பாத்துரை காலையில் தார் ஏற்றும் இடம் எனக்குத் தெரியும். குறுக்கே வாழைத்தோப்புக்குள் விழுந்து ஓடினேன். வாய்க்கால் பாலத்தடியில் அப்பாத்துரை வண்டியில் தார் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் வரப்பில் ஏறும்போதே முதல் வெட்டு அவன் தோளில் விழுந்துவிட்டது. தார் கீழே சரிந்தது. "நான் இல்லலே, சத்தியமா நான் கிழிக்கல" என்று கையைத் தூக்கினான். அடுத்த வெட்டில் இரண்டு விரல்கள் போயின.

"ஜெபஸ்டின், கிழிச்சது நான்லே" என்று கத்தினேன்.

தம்பி திரும்பிப் பார்த்தான். நான் சொன்னது அவனுக்குக் கேட்டுவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கை அதற்குள் இறங்கிவிட்டது. அப்பாத்துரையின் கழுத்து.

என் துப்பட்டாவை அந்தக் கழுத்தில் வைத்து அமுக்கிக்கொள்ள, தார் சுமக்க வந்த ஆள் ஓட்ட, அவன் வண்டியிலேயே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் விரலிடுக்கில் சூடாகப் பொங்கியது. என்னவோ சொல்லப் பார்த்தான், காற்றுதான் வந்தது. செய்துங்கநல்லூர் தாண்டும்போது அதுவும் நின்றது. அவனை நான்தான் கொன்றேன். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ரைஹானத், அப்பாத்துரை ஃபிளக்ஸைக் கிழித்ததால் வந்த விரோதம் என்று எழுதிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்க்க இரண்டு நிமிஷம் கொடுத்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சட்டை விறைத்துக் காய்ந்திருந்தது. "அவனக் காப்பாத்தத்தான அப்படிச் சொன்ன?" என்றான்.

"இல்லலே. நான்தான் கிழிச்சேன். அந்தப் புள்ளி பொய். அங்க ஒண்ணுமே கெடையாது."

 அவன் கம்பி வழியாக என் கையைப் பிடித்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பிடிப்பான்.

"யாருட்டயும் சொல்லாதக்கா. அவனே கிழிச்சதா இருக்கட்டும். இல்லன்னா நான் எதுக்கு அவன வெட்டுனேன்?"

 கையை விடுவித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டரிடம் போய், கிழித்தது அப்பாத்துரை இல்லை, தாள் கொடுங்கள் என்றேன். நான் எழுத எழுத, "எழுதாதக்கா, எழுதாத" என்று தம்பி உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.