முறைக்கு நிற்கும் மிருகங்கள்

பாலேந்திரன் சோற்றுப் பார்சலை மடியில் விரித்து, வலது கையால் பிசைந்து சாப்பிட்டபடியே, இடது கைப் பெருவிரலால் மட்டும் விளையாட்டுப் பெட்டியின் பொத்தானை அமுக்கி, த்ரீவீல் ஸ்டாண்டின் ஆறு மிருகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்து முடித்தார். கடைசி மிருகம் விழுந்தபோது அவர் கோழி எலும்பொன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். தோற்றதைக்கூட ஸ்டாண்ட் டிரைவர் மஹ்மூத் பொறுத்துக்கொண்டிருப்பான், அந்த எலும்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

"சேர், ரெண்டு கையாலயும் வெளையாடுங்க. அது மரியாத" என்றான்.

"ரெண்டு கையாலயும் விளையாடினா சாப்பாடு ஆறிப்போடும் தம்பி" என்றார் பாலேந்திரன்.

அவர் பக்கத்துக் காணிக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடியதிலிருந்து குடும்பம் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். மகனுக்கென்று வாங்கிய விளையாட்டுப் பெட்டியை அனுப்ப வழியில்லாமல் தானே விளையாடப் பழகி, இப்போது பகல் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கீழேயுள்ள வளைவுக்கு வந்து, மதில்கட்டில் உட்கார்ந்து, ஸ்டாண்ட்காரர்களைத் தோற்கடித்துவிட்டுப் போவார். ஸ்டாண்டிடம் இருந்த பெட்டி மஹ்மூதுடையது. அவனுடைய நானா, மூத்த அண்ணன், ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு வயரைச் செருகினால் இந்தப் பக்கத்து மிருகமும் அந்தப் பக்கத்து மிருகமும் அடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு ஆறு. ஸ்டாண்டிலும் வண்டி ஆறுதான். அதனால் ஆளுக்கொரு மிருகம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவரான இராமையாவுக்கு அந்தப் பெட்டிமேல் நம்பிக்கை கிடையாது. உள்ளே இருப்பவன் பாலேந்திரனுக்குச் சொந்தக்காரனாக இருப்பான் என்பது அவருடைய எண்ணம். ஆனால் தன் பங்கு மிருகத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாரும் நெருப்பு கக்குவது, பல்லால் கிழிப்பது என்று தேடிப் பிடித்துக்கொண்டபோது, கடைசியில் மிஞ்சிய ஒரு கல் முதுகுக்காரன் அவருக்கு வந்தது. மெதுவாக நகரும். அடித்தால் எதிரிக்குச் சொறிந்துவிட்ட மாதிரி இருக்கும். ரோட்டுப் போடும் ரோலர் மாதிரி இருக்கிறதென்று ரோலர் என்றே பேர் வைத்தார்கள். இன்னொரு டிரைவர் திலகசிறியுடைய தண்ணீர் மிருகத்துக்கு, தண்ணீர் லொறி மாதிரி, பௌசர் என்று பேர். மஹ்மூதுடையது அடுப்பு.

"நீங்கள் எல்லாரும் அடிக்கிற ஆக்களையே பிடிச்சு வச்சிருக்கிறியள்" என்றார் பாலேந்திரன், பார்சல் தாளை மடித்துக்கொண்டே. "அதோட ஒருத்தன் விழுந்தாத்தான் மற்றவன் வாறான். ஏன் இடையில மாத்திறேல்லை? பெட்டியில அடிக்கிற பொத்தானுக்குக் கீழ அந்த ரெண்டாவது வரி அதுக்குத்தானே இருக்கு."

ஸ்டாண்டென்றால் முன்னால் நிற்பவனுக்குத்தான் ஆள் ஏற்றும் ஹயர். அவன் போனபிறகுதான் அடுத்தவன். பெட்டிக்குள்ளும் அவர்கள் அப்படியே விளையாடினார்கள். முன்னால் நிற்கும் மிருகம் விழும்வரை அதுதான் அடிக்கும். நடுவில் ஒன்றை உள்ளே இழுத்து இன்னொன்றை விடுவது, முறையைத் தின்கிற வேலை.

அந்த முறையைக் கொண்டுவந்தவரே இராமையாதான். ஸ்டாண்ட் தொடங்கிய காலத்தில் ஆள் கண்டதும் நாலு பேர் பாய்ந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுபறியில் ஒரு நாள் ஒரு நோயாளியின் கைக்கட்டே அவிழ்ந்துவிட்டது. அன்று இராமையா ரோட்டின் நடுவில் நின்று வாயில் வந்ததையெல்லாம் மூன்று பாஷையிலும் கொட்டி, வரிசையைப் போட்டார். அதற்குப் பிறகு யாருக்காகவும் அது வளையவில்லை. ஒரு லோயர் வந்து, முன்னால் நின்ற வண்டியின் கூடாரம் கிழிந்திருக்கிறது, பின்னால் நிற்கும் புது வண்டியில்தான் போவேன் என்று அடம்பிடித்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டு நனைய நனைய அவரைக் கிழிந்த கூடாரத்துக்குள்ளேயே ஏற்றி அனுப்பினார் இராமையா. மஹ்மூத் அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கோட்டு இன்னும் கொஞ்சம் நனையும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று யாரும் கேட்டதில்லை. ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத்தில் அவர் பிறந்தார். ரொட்டிக் கடையில் பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில், பனி விழ முந்திப்போய் நின்ற தோட்டத்து ஆட்களைத் தாண்டி, கடைக்காரனுக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் புகுந்தார்கள். "இவருக்கு அவசரம்", "இவங்க வீட்ல புள்ள அழுது", எல்லாமே நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. அந்த நியாயமெல்லாம் முடிந்து இவர் முறை வந்தபோது கடையில் இருந்தது மாவு ஒட்டிய பலகை மட்டும். வெறுங்கையோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி நடந்தார். பிறகு கண்டிக்கு வந்து மஹய்யாவையில் குடியேறி, வேலை பார்த்த கடை கலவரத்தில் எரிந்து, எத்தனையோ நடந்துவிட்டது. ஆனால் மனுசன் மனசில் நின்றது அந்தப் பலகைதான். ஒரு நல்ல காரணத்துக்காக வரிசையை உடைத்தால், அடுத்த காரணம் தானாக நடந்து வரும். கடைசியில் முறை போகிறவன் யார் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த நல்ல காரணம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வந்து நின்றது. புதிதாகச் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். சிங்களவனான திலகசிறி போனால் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். மஹ்மூத் போனால் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். தமிழரான இராமையா போனால் சீட்டைக் கழற்றுவார்கள். போன கிழமை கண் ஒப்பரேஷன் செய்த ஒரு கிழவர் பின்னால் இருந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. சீட்டைக் கழற்றவென்று அவரை இறக்கி வெயிலில் ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். வண்டி நின்றதும் தன்னை இறக்கியதும் மட்டும்தான் அவருக்குத் தெரியும். "வீடு வந்திருச்சாப்பா?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்றார் இராமையா. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும், "நாய் கொலைக்கலயே, வீடு வந்திருச்சா?" என்றார். சோதனை முடிகிறவரை அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

இதை இராமையா ஸ்டாண்டில் சொல்லவில்லை. ஆனால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"மாமா, கோவிக்காம கேளுங்க" என்று மஹ்மூத் மெதுவாகத் தொடங்கினான். "பாலத்துக்கு அங்கால போற ஹயர திலகசிறி எடுக்கட்டும். நீங்க முன்னுக்கே நில்லுங்க. அடுத்த ஹயர் ஒங்களுக்கு. ஒங்கட முறை எங்கயும் போகாம அங்கயே ஈக்கும்."

"இன்னைக்குப் பாலம்னு சொல்லுவே. நாளைக்குப் பேராதனை ரோட்டுல ஒரு கட்டையப் போடுவான். அதுக்கும் திலகசிறி. அப்புறம் நான் இங்க என்னாத்துக்கு, செலையா நிக்கவா?"

"செலைக்காச்சும் மால போடுவாங்க மாமா. ஒங்களுக்கு அதும் ஈக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். திலகசிறிகூடச் சிரித்தான். இராமையா சிரிக்கவில்லை. "முறைன்னா முறை" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் தன் வண்டியைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி ஏறுவதை அதற்குப் பிறகு அவர் கவனிக்கத் தொடங்கினார். அது போதாதா மனுசனைத் தின்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை பாலேந்திரன் கருவாட்டுப் பொரியலோடு வந்தார். கருவாட்டில் முள் இருக்கும், கவனம் பாதி அங்கே போகும், இன்று விடக்கூடாது என்றான் மஹ்மூத். வயரைச் செருகினார்கள். அடுப்பு நன்றாகவே அடித்து, பாலேந்திரனுடைய இரண்டைச் சாய்த்துவிட்டுத்தான் விழுந்தது. மூன்றாவது நடக்கும்போது மஹ்மூதுக்கு ஹயர் வந்தது. முறையல்லவா? பெட்டியைத் திலகசிறி கையில் திணித்துவிட்டு, போகிற வழியெல்லாம் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். திலகசிறி மூன்றாவதையும் நாலாவதையும் முடித்தான். அதற்குள் ஸ்டாண்டின் நாலும் போய்விட்டது. அவன் வாயைத் திறந்து, "மச்சாங், இன்னிக்கி..." என்றபோது, கட்டுப்போட்ட காலோடு ஒரு பையன் வந்து, "ரயில்வே ஸ்டேஷன் போகணும்" என்றான்.

திலகசிறி பெட்டியை இராமையாவிடம் நீட்டினான். "மாமா, பிடிங்க. நான் சுருக்கா வாறது."

"எனக்கு இது தெரியாதுடா."

"பொத்தான் அமுக்குறது. அவ்வளவுதான். எபா, ஏலாதுன்னு சொல்லவேண்டாம்."

இராமையா பெட்டியைக் கையில் வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார். எழுத்து அவருக்கு விளங்காது. ஆனால் அடியில் சின்னச் சின்னதாக ஆறு படம் இருந்தது. விழுந்ததெல்லாம் சாம்பல் நிறம். நிறத்தோடு மிஞ்சியது இரண்டு. முன்னால் பௌசர். அதற்குப் பின்னால் ரோலர். அந்தப் பக்கமும் இரண்டுதான். வெளியே நின்றது மின்னல் கழுகு. உள்ளே ஒரு நெருப்புக் குதிரை இருப்பது தெரிந்த விசயம்.

இதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். நடக்கப்போவது கண்முன்னால் ஓடியது. கழுகு மின்னலை இறக்கும், தண்ணீரில் இடி விழுந்தால் பௌசர் ஒரே அடியில் சாம்பலாகும். பிறகு ரோலர் வரும். கல்லுக்கு மின்னல் உறைக்காது, மெதுமெதுவாகக் கழுகைச் சாய்த்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு வரும் குதிரை, சூட்டில் கல்லை வெடிக்க வைத்து, காலால் மிதித்து முடிக்கும். போன கிழமையும் அதுதான், அதற்கு முந்திய கிழமையும் அதுதான். பௌசர் மட்டும் உயிரோடு இருந்தால் குதிரைமேல் தண்ணீரைக் கொட்டலாம். ஆனால் பௌசர்தானே முன்னால் நிற்கிறது? அதனுடைய முறையல்லவா?

இராமையா பெருவிரலைப் பொத்தான்மேல் வைத்தார், அமுக்கவில்லை.

"அமத்துங்கோ ஐயா. எனக்குக் கந்தோருக்குப் போகோணும்" என்றார் பாலேந்திரன்.

"இருங்க. அவசரப்படுத்தினா நான் குடுத்துட்டுப் போயிருவேன்."

கிளாக்கர்மார்மேல் அவருக்குத் தோட்டத்துக் காலத்திலிருந்தே நல்ல எண்ணம் கிடையாது. இந்த மனுசனும் பேச்சுவாக்கில் ஒரு வழியைச் சொல்லிக் குழியில் தள்ளத்தான் பார்க்கிறார் என்று, இடையில் மாற்றச் சொன்ன அன்று நினைத்திருந்தார். ஆனாலும் பௌசரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது அங்கே நீலமாக, கன்னத்தை உப்பிக்கொண்டு, தன் தலையில் என்ன விழப்போகிறதென்று தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தது. செத்துப்போகும் என்று தெரிந்தே ஒன்றை முன்னால் நிறுத்திவைப்பது என்ன மரியாதை?

அவர் யாரும் தொடாத அந்த இரண்டாவது வரிக்குப் போய் அமுக்கினார்.

பௌசர் உள்ளே போனது. ரோலர் வெளியே வந்தது. கழுகின் மின்னல் கல் முதுகில் விழுந்து, மழைத்துளி மாதிரி வழிந்து போனது. பாலேந்திரன் கருவாட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். இராமையா அதைக் கவனிக்கவில்லை. அவர் அடியிலிருந்த சின்னப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பௌசர் நீலமாகவே இருந்தது. சாம்பலாகவில்லை. சந்தேகம் தீராமல் ஒரு தடவை பெட்டியைத் தட்டியும் பார்த்தார். நீலம்தான்.

ரோலர் தன் பாட்டில் ஆடி அசைந்து கழுகைச் சாய்த்தது. குதிரை வந்தது. இராமையா மறுபடியும் இரண்டாவது வரியை அமுக்கினார். பௌசர், உள்ளே போனது எப்படிப் போனதோ அப்படியே, ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்து குதித்தது. பாலேந்திரன் இலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவாமலே, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தார். ஆனால் அதற்குள் தண்ணீர் கொட்டி, குதிரை சாய்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்மார் கொட்டகையின் தகரத்தில் அடித்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடிவந்து, விசயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே உள்ளே போனார்.

"ஆர் ஐயா உங்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித் தந்தது?"

"நீங்கதான் சொன்னீங்க. நான் நம்பல."

"அப்ப ஏன் செய்தனீங்கள்?"

"முன்னுக்கு விட்டா செத்துரும்ன்னு தெரிஞ்சிச்சு" என்றார் இராமையா. "உள்ள போனது திரும்பி வராமப் போயிருந்தா ஒங்கள இங்க ஒக்கார விட்டிருக்க மாட்டேன்."

பாலேந்திரன் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைக்கப்போய், காற்சட்டை போட்டிருப்பது நினைவு வந்து, மதிலில் துடைத்தார். "வாறன் ஐயா. திங்கக்கிழமை சாப்பாட்டு இலை கொண்டு வரமாட்டன், ரெண்டு கையும் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்கு நடந்தார்.

திலகசிறி திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினான். வெற்றிச் செய்தி கேட்டு, "பௌசர் யாரோடது? என்னோடது" என்று தன் நெஞ்சில் தானே தட்டிக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரிப் படியிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய தகப்பனும் இறங்கி வந்தார்கள். தகப்பனுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு அடியடியாக வந்தார். "அக்குறணைக்குப் போகணும்" என்றாள் அவள். பாலத்துக்கு அந்தப் பக்கம்.

இராமையா வண்டியில் ஏறி, ஸ்டார்ட் கம்பியைப் பிடித்தார். பிடித்த கையை எடுத்தார். கிழவர் நிற்க முடியாமல் கூடாரக் கம்பியைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"திலகசிறி, நீ போ."

திலகசிறிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, ஒங்க முறை."

"முறை என்னுதுதான். அது இங்கயே இருக்கும். ஹயர் மட்டும் ஒனக்கு. பள்ளம் பாத்து ஓட்டு, வயித்துல தையல்."

திலகசிறியின் வண்டி கடைசியிலிருந்து கிளம்பி, அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. அவருக்குப் பின்னாலிருந்து ஒரு வண்டி அவருக்கு முன்னால் போவதை இத்தனை வருசத்தில் இன்றுதான் பார்த்தார். மஹ்மூத் வந்து கடைசியில் காலியான இடத்தில் தன் புது வண்டியை நிறுத்தி, நடந்ததைக் கேட்டுவிட்டு, வாயைத் திறக்கப் போனான்.

"ஒண்ணும் பேசாத. அடுத்தது எனக்கு. எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார் இராமையா. வண்டிக்குள் உட்கார மனமில்லாமல் இறங்கி, முன்சில்லுக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

நோயாளி பார்க்கும் நேரம் முடிந்து ஆஸ்பத்திரிச் சனம் படியில் இறங்கத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து ஓர் இளம் தகப்பன் பிரிந்து வந்தான். பூப்போட்ட துவாயில் சுற்றிய கைக்குழந்தை, தோளில் வெந்நீர்ப் போத்தல், பின்னால் மனைவியும் மாமியாரும். வந்தவன் நேராக மஹ்மூதின் பளபளக்கிற வண்டியைப் பார்த்தான். மஹ்மூத் உடனே குனிந்து, சுத்தமாக இருந்த சில்லைத் துடைக்கத் தொடங்கினான். அவனுக்கு முன்னால் நின்றவன் தலையை வெளியே நீட்டி, வானத்தில் மழை வருமா என்று பார்த்தான். அதற்கும் முன்னால் நின்றவன் கண்ணை மூடிக் குறட்டை விட்டான், பட்டப்பகலில், ஊருக்கே கேட்க.

ஒரு முகமும் கிடைக்காமல் அந்தத் தகப்பன் வரிசையை மேலும் கீழும் பார்த்து, கடைசியில் ரோட்டில் நின்ற இராமையாவிடம் வந்தான். துவாய்க்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. எந்த ஊரென்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். இராமையா ஒரு கையால் கூடாரத் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் தலை இடிபடாமல் மற்றக் கையைக் கம்பிக்குக் குறுக்கே வைத்தார்.