மூக்கு வரை இறங்கிய படம்

இரண்டாயிரத்து மூன்றில், பதுளை பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஸரூக் இன்டர்நெட் கடை போட்டபோது மாமனார் பலீல் ஹாஜியார் ஒன்றுதான் கேட்டார். "நிறுத்தும் குடுக்கிறல்ல, அளந்தும் குடுக்கிறல்ல. என்ன யாவாரம் மகன் இது?"

ஸரூக் சிரித்துச் சமாளித்தான். புடைவைக் கடையில் வளர்ந்தவனுக்கு வருகிறவர் முகத்தைப் படிக்கத் தெரியும். தேயிலைத் தோட்டத்துச் சனம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் பிள்ளைகளைத் தேடித்தான் வந்தது. அவர்களுக்கு ஏது ஈமெயில்? கடை முகவரியையே எல்லாருக்கும் கொடுத்துவிட்டான். ஸ்பிரிங்வெளி, லுணுகலை என்று அத்தனை குடும்பத்துக் கண்ணீரும் ஒரே பெட்டிக்குள் வந்து விழுந்தது. பெட்டியோ தீப்பெட்டி அளவு. நாலு படம் வந்தால் நிரம்பிவிடும். பார்த்து முடித்தவற்றை மாலையில் அழித்துவிடுவது அவன் வழக்கம்.

அந்த வியாழக்கிழமை ஸ்பிரிங்வெளி மரியகொரட்டி கடைக்குள் வந்தாள். புருஷன் கபிரியேல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னக்கா, இன்டைக்குக் கொழுந்து எடுக்கப் போகல்லயா? தொர கோவிக்க மாட்டாரா?"

"எங்க மக நிஷாலினி செத்துப்போச்சுங்க மொதலாளி" என்றாள். "வேல செஞ்ச வீட்டு மாடியில இருந்து விழுந்துருச்சாம். தோட்டத்து ஆபீசுக்கு போன் கோல் வந்துச்சு."

ஸரூக் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்காரவில்லை.

"பெட்டிய மூடித்தான் அனுப்புவாங்களாம். தொறக்கக் கூடாதாம். மொகம் பாக்க முடியாது. பக்கத்துல வைக்க ஒரு படமாச்சும் வேணும். வீட்ல இருக்கிறது கோயில்ல புதுநன்மை வாங்குனப்ப எடுத்தது, சின்னப் புள்ளையா இருக்கு. ஞாயித்துக்கெழம காட்டுனீங்களே, அத எடுத்துக் குடுங்க."

ஞாயிறு அந்தப் படம் கோடு கோடாக மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் ஒரே தொலைபேசி; இன்டர்நெட்டும் அந்தக் கம்பி வழிதான். மனைவி ஜெமீலா, கூடப்பிறந்த ராத்தாவிடம் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேச ரிசீவரைத் தூக்கினாள். இணைப்பு அறுந்தது. பிறகு எத்தனை தடவை முயன்றும் வரவில்லை. அடுத்த கிழமை முழுதாகப் பார்க்கலாம் என்று மரியகொரட்டியை அனுப்பிவைத்தான். மாலையில் பழகிய கை, படம் வந்த ஈமெயில் கடிதத்தையும் சேர்த்தே அழித்துவிட்டது.

யாவாரியிடம் பொய் எப்போதும் கைவசம் இருக்கும். அன்று பார்த்து இருப்பில் இல்லை.

"நாந்தான் அழிச்சிட்டேன் அக்கா. அனுப்பினது யாரு? திரும்ப அனுப்பச் சொல்லேலும்."

"பக்கத்து வீட்ல வேல செய்ற பிலிப்பைன்ஸ் புள்ளையாம். பேரு தெரியாதுங்க."

அந்தப் பிள்ளையின் முகவரியும் கடிதத்தோடு போயிருந்தது.

மரியகொரட்டி ஏசவில்லை. காதிலிருந்து கழன்று விழுந்த தோட்டைப் பற்றிச் சொல்வதுபோல, "உள்ளதான் எங்கயாச்சும் கெடக்கும். தேடிப் பாருங்க" என்றாள்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. திரையில் பார்க்கிற படத்தையெல்லாம் கம்பியூட்டர் தனக்கென்று ஒரு மூலையில் பிரதி எடுத்து ஒதுக்கி வைக்கும். ஸரூக்குக்கு அந்த மூலை அத்துப்படி. பையன்கள் கிழமை முழுக்கப் பார்த்த கண்றாவியெல்லாம் அங்கேதான் சேரும். வெள்ளி தோறும் அதைத் துடைத்துவிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போவான். நாளைக்குத்தான் வெள்ளி.

திரையை அவள் பார்வை படாமல் திருப்பிவைத்துத் தேடினான். நடிகைகள், கிரிக்கெட்காரர்கள், கார்கள், யாரோ ஒரு மாப்பிள்ளை, துணியில்லாத வெள்ளைக்காரிகள். ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டதை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவன் ஒன்றில் நின்றான். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினான்.

வெள்ளைச் சுவர். வகிடெடுத்த தலை. நெற்றி. கண்கள் இரண்டும் நேராகப் பார்த்தன. மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

கபிரியேல் உள்ளே வந்து வெகுநேரம் பார்த்தான். "வாயி எங்க?"

"அது வாறத்துக்குள்ள லைன் போயிட்டுது" என்றான் ஸரூக். குறைச் சாமானைத் தள்ளிவிடுகிற பழைய நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஸ்டூடியோ ரொஷான்ட குடுத்தா நிஷாலினிட தங்கச்சி படத்துல இருந்து வாய எடுத்து ஒட்டித் தருவான். வித்தியாசமே வெளங்காது."

"வேணாங்க" என்றாள் மரியகொரட்டி. "அது உசுரோட இருக்கிற புள்ள."

ஸரூக் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தான்.

பெட்டி தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த அன்று அவனும் போயிருந்தான். தலைமாட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் இருந்தது. சட்டத்தைச் சுற்றிப் போடவேண்டிய மாலையை மரியகொரட்டி குறுக்கே கட்டி, மூக்குக்குக் கீழே அடர்த்தியாகத் தொங்கவிட்டிருந்தாள். வந்தவர்கள் கண்ணைப் பார்த்து, அப்படியே இருக்காளே என்று அழுதார்கள்.

பக்கத்து லயத்து மதினி ஒருத்தி மாலையில் கைவைத்தாள். "இப்படியா கட்டுவாங்க? புள்ள மொகம் முழுசாத் தெரியட்டும்."

மரியகொரட்டி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் மதினி. அம்புட்டுத்தான் வந்துச்சு."