இரண்டு குப்பிகள்

நெடுங்கோடையில் காய்ந்து வெடித்த நிலத்தை முதல் மழை நனைத்துச் சென்ற சில நாள்களுக்குப் பின், இளம்புல் தலைநீட்ட, ஈரமண் மணக்க, மேய்ச்சல் மேடெங்கும் காலைக்கதிர் பொன்னாய்ப் பரந்திருந்த வேளையிலே, அம்மேட்டின் சரிவில் பதினேழு ஆடுகள் வயிறு உப்பி, மூக்கில் உறையாத கருங்குருதி ஒழுக, மாண்டு கிடந்தன. கற்றறிந்த பெருந்தகையீர், இது மிகைபடக் கூறியதன்று. அடைப்பான் என்னும் அக்கொடுநோய் மண்ணுள் பல்லாண்டு வித்தாய் உறங்கிக் கிடந்து, மழைக்குப்பின் புல்லோடு வாய்புகுந்து, ஓரிரு நாளில் உயிர் குடிக்கும் இயல்பினது. இறந்தவற்றை அறுக்காமலும் உரிக்காமலும் எரித்துவிடுவதற்காக ஊரார் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவ்விறகருகே நின்றவள், அந்நோய்க்குத் தடுப்பூசி ஆக்கும் ஆய்வுக்கூடத்தின் தலைவி. ஆடுகளோ அவளுடைய தமையனுக்குரியவை. கொல்லும் வலிமை இழந்தும் உயிர் இழவாத நோய்வித்துகளை ஆறாண்டுக் காலம் கண்துஞ்சாது தேர்ந்து, வளர்த்து, ஆக்கிய மருந்தை, இருபது நாள் முன்பு அவளே தன் கையால் அவற்றுக்குக் குத்தியிருந்தாள். அம்மருந்து இன்னும் நான்கு நாளில் நாடெங்கும் செல்லவிருந்தது. பிழை மருந்தினதாயின், அதை நம்பிய மந்தைகளெல்லாம் மடியும்; ஐயத்தால் நிறுத்தினாலோ, இம்மழைக்காலத்தில் அவை காப்பின்றி மடியும். கூடத்தில் அதே மருந்தைப் பெற்ற ஆடுகள் கொடுநோய் ஏற்றப்பட்ட பின்னும் குத்துக்கல்லாய் நிற்க, இங்கு மட்டும் ஏன் இப்படி என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்திருந்த தமையன் குரல் உடைந்து சொன்னான்: "உன் ஊசிய மட்டும் நம்பி நான் சும்மா இருக்கல தங்கச்சி. என் பங்குக்கு நானும் செஞ்சேன். அப்படியும் போயிடுச்சே!"

"உங்க பங்குக்குன்னா? என்ன செஞ்சீங்க அண்ணா?"

அவன் மடியிலிருந்து வெறுமையான கண்ணாடிக்குப்பி ஒன்றை எடுத்து நீட்டினான். "நீ போட்டுட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே இதையும் எல்லாத்துக்கும் போட்டுட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னுதான்."

அது நோய்நுண்மங்களைக் கொல்லும் மருந்து. கொல்ல வந்தவை எவை, காக்க வந்தவை எவை என்று பிரித்தறியும் கண் அதற்கில்லை. பகையை உடலுக்கு அடையாளம் காட்டப் புகுந்த வித்துகள் முளைத்தவுடனே அதனால் மாண்டன. உடல் ஒன்றும் கற்கவில்லை.

"இத யாரு குடுத்தா?" குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தபடி அவள் கேட்டாள்.

"நீதானேம்மா. 'ஏதாவதுக்கு நோய் வந்தா போடுங்க, கைவசம் இருக்கட்டும்'னு."

ஆம், அவளேதான். சேர்த்துப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கூடத்தில் குப்பி கழுவுபவரும் அறிந்த செய்தியைச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தன் தடுப்பூசி பிழையற்றது என்றறிந்த கணத்தில் நெஞ்சில் எழுந்த ஆறுதலை நினைந்து அவள் கூசினாள்.

"அப்போ நான்தான் கொன்னுட்டேனா?"

"இல்லண்ணா. நான் சொல்லல. அவ்வளவுதான்."

எஞ்சிய ஆறனுள் ஒரு தாயாடு அப்போது நடுங்கிப் படுத்தது. இருவரும் ஒருசேரக் குப்பியைப் பார்த்தனர். நோயில்லாத நாளில் தீர்ந்த மருந்து, நோய் வந்த நாளில் ஒரு துளியும் இல்லை. வேறு குப்பி கொணர அவள் கூடத்துக்கு விரைந்து மீளுமுன் அதுவும் மூச்சடங்கிற்று.

நான்காம் நாள் தடுப்பூசிப் பெட்டிகள் புறப்பட்டன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையால் ஒரு வரி புதிதாய் ஏறியிருந்தது: 'இதனோடு நுண்மக்கொல்லி எதையும் இடாதீர்.' பதினெட்டு உயிர் தந்து பெற்ற அவ்வரியை, எழுதியவளால் மட்டும் ஒருமுறையேனும் கண் கலங்காமல் படிக்க இயலவில்லை.