நீண்ட மணி

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் துணிக்குச் சாயம் போடும் அந்த டையிங் கம்பெனிக்கும் நடுவில் ஒரு சந்துதான். வீரபாண்டிப் பக்கம் இதெல்லாம் சகஜம். சிம்னி ரொம்ப உயரம், புகை பிள்ளைகளின் தலைக்கு மேலேயே போய்விடும் என்று முதலாளி கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். ஆடிக்காற்று அவரிடம் சம்பளம் வாங்கவில்லையே. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து, புகையைக் கீழே அழுத்தி, என் மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்குள் திணித்துவிட்டுப் போகும். அதைச் சொன்னால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்பார். பெரிய மனது.

என் வகுப்பு மெஹ்ஜபினுக்கு வீசிங். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா இலியாஸ் அந்தக் கம்பெனியில்தான் பாய்லருக்கு விறகு தள்ளுகிறார். பள்ளி திறந்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். விறகு விலை ஏறியதிலிருந்து கட்டிங் வேஸ்ட்டையும் பாய்லரில் போடச் சொல்கிறார்களாம். பனியன் வெட்டி மிஞ்சிய துண்டுகள். ரப்பர் பிரிண்ட், பிளாஸ்டிக் கவர் எல்லாம் கலந்துதான் மூட்டையாக வரும். அந்தப் புகை கறுப்பாக இருக்கும். முடியாது என்றால் வேலை போய்விடும். அதனால் அவராகவே ஒரு வழி வைத்திருந்தார்.

"பகல் முச்சூடும் வெறகுதானுங்க டீச்சர். சாயங்காலம் உங்க நீள மணி கேட்டு, பிள்ளைங்க ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் பொறுத்துத்தான் மூட்டையத் தள்ளுவேன். ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பாய்லர் கொட்டகைக்குள் பகலும் ஒன்றுதான், அந்தியும் ஒன்றுதான். பள்ளி விடும்போது விடாமல் அடிக்கும் எங்கள் நீண்ட மணிதான் அவருக்குக் கடிகாரம். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி பாதியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, தீயணைப்புத் துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பாதுகாப்பு ஒத்திகையாம். ஹெச்.எம். சாரதாமணி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதிகாரி என்ன சொன்னாரோ, மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை ஹெச்.எம்மே சுத்தியலால் விடாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மணி கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடி வந்து மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டுமாம்.

பாய்லர் கொட்டகையில் இலியாஸுக்கும் இது கேட்டிருக்கும். அடித்தது நீண்ட மணி.

ஹெச்.எம்மிடம் ஓடிப்போய், பிள்ளைகளை உள்ளே அனுப்பலாம் மேடம், புகை வரும் என்றேன். வானத்தைப் பார்த்தார். அங்கே வெறும் மேகம்தான் இருந்தது. அதிகாரி பேசி முடிக்கட்டும், இருங்கள் என்றார். இலியாஸ் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிப் புரியவைக்க நேரமும் இல்லை. மெஹ்ஜபினைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் விட்டுவிட்டுக் கம்பெனி கேட்டுக்கு ஓடினேன்.

வாட்ச்மேன் ஆறுச்சாமி நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை.

"உள்ளாற விடக்கூடாதுங்க டீச்சர். சூப்பர்வைசர் வரோணுங்க."

இலியாஸிடம் ஒரே ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்கள், பள்ளிக்கூடம் இன்னும் விடவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிம்னியையே பார்த்தேன். புகை சாம்பல் நிறமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று எந்தெந்தச் சாமியையோ வேண்டினேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே கறுத்தது.

திரும்பி ஓடினேன். புகை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. தீயணைப்பான் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி இருமினார். பிள்ளைகள் முதலில் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு இருமினார்கள், பிறகு அழுதார்கள். எல்லோரையும் உள்ளே விரட்டினோம். மெஹ்ஜபின் மட்டும் எழுந்திருக்கவில்லை. குழாயடியில் குந்தி, இரண்டு கையையும் தரையில் ஊன்றியிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தடியில் குழி விழுந்தது. அவள் பையிலிருந்த இன்ஹேலர் பம்ப்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். காற்றுகூட வரவில்லை, தீர்ந்து போயிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் தூக்கிப் போட்டோம். அதற்குள் ஆறுச்சாமி சொன்னதைக் கேட்டு, சுவரேறிக் குதித்து இலியாஸ் வந்துவிட்டார்.

"பரீட்சை போல, சீக்கிரமே உட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டேனுங்க டீச்சர்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் அந்தப் புகை நெடி. மெஹ்ஜபினுக்கு மூச்சு இன்னும் பலமாக இழுத்தது. அவர் கையை மடக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடு கண்ணு, விடு கண்ணு என்று ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் கத்திக்கொண்டு போனேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்க் வைத்து, ஊசி போட்டு, இருட்டுகிற நேரத்தில்தான் இழுப்பு அடங்கியது. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. கண் திறந்ததும் அவள் மாஸ்க்குக்குள்ளிருந்து அத்தாவைக் கேட்டாள்.

தேடிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், குழாயடியில் சட்டையில்லாமல் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய சோப்பு பாதியாகக் கரைந்திருந்தது. தோல் சிவந்துபோயிருந்தது. கூப்பிடுகிறாள், வாங்க என்றேன்.

கையை முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் போகலீங்க டீச்சர்" என்றார்.