சலவைக்கடைக்காரி தனியாகப் பாடிய கச்சேரி

அந்தத் தெருப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரிக்குச் சிறப்பு விருந்தினராக வந்து பாடியவர்களில் ஒருவர்கூட இதுவரை ஊர் திரும்பியதில்லை. பயப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் சௌக்கியமாக, கொஞ்சம் சதை போட்டு, அதே தெருவில்தான் இருக்கிறார்கள். முதல் ஆள் புல்லாங்குழல்காரர். ஒரே ஒரு பாட்டு வாசித்து, பூங்கொத்து வாங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை ரயிலடிக்குக் கிளம்பினார். மருந்துக்கடை முனையில் வலப்பக்கம் திரும்பினால் ரயிலடி வர வேண்டும். அவருக்குச் சலவைக்கடை வந்தது. கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மறுபடி போனார், மறுபடி சலவைக்கடை. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார், வாடகைக் கார் பிடித்துப் பார்த்தார். சாயங்காலம் கடைக்கு மேலிருந்த காலி அறை கிடைக்குமா என்று விசாரித்தார்.

அடுத்த வருடம் வந்த பாடகிக்குப் பட்டுத்தொண்டை என்று பெயர் விழுந்தது. அவளும் ஒரு வாரம் முட்டிமோதிப் பார்த்துவிட்டுப் புல்லாங்குழல்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். பிறகு மவுத்ஆர்கன்காரர், பேஸ் என்கிற அடிக்குரலில் பாடும் வக்கீல், எதற்கெடுத்தாலும் சண்டை போடும் இரட்டைச் சகோதரிகள். விஷயம் வெளியே பரவாதா என்றால், போய்ச் சொல்ல வேண்டியவர்கள்தான் போகவே இல்லையே. போனில் சொன்னவர்களை வீட்டார் வேறு மாதிரி சந்தேகப்பட்டார்கள், அதில் பட்டுத்தொண்டை விஷயத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

தெருக்காரர்களை மட்டும் அந்த முனை எப்போதும் வழிவிட்டு அனுப்பியது. மாற்றல், கல்யாணம், வயோதிகம் என்று பழைய குழுவினர் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், அவரவர் இடத்தில் ஒரு பழைய விருந்தினர் வந்து நின்றார். கடைசியில் குழு முழுக்க விருந்தினர்களே ஆகிவிட்டார்கள். எல்லோரும் தனிப்பாட்டுக்காரர்கள். பாட்டைத் தொடங்கும்போது மேடையில் தான் ஒருத்தர்தான் இருப்பதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு, கடைசி ஸ்வரத்தை விட யாருக்கும் மனசு வராது. இரண்டாம் வரிசையில் நின்று, மெட்டுக்கு அடியில் துணையாக ஓடும், யாருக்கும் தனியாகக் கேட்காத ஆல்டோ குரலைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரையும் போர்வை மடிப்பதுபோல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தது சலவைக்கடைக்காரி ஒருத்திதான். பழைய ஆட்களில் மிச்சமும் அவள்தான். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவள் பாட்டை நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு. "நீ வாயசைக்கிறது மட்டும்தாம்மா தெரியுது" என்று பெற்ற மகளே சொல்லியிருக்கிறாள்.

அந்த மகள்தான் இந்த வருடம் கெடு வைத்தாள். "நின்னு நின்னு காலெல்லாம் வீங்கிப் போச்சு. கடையை யாருக்காவது குடுத்துட்டு கிளம்பி வாம்மா. உனக்குன்னு தனி ரூம், பால்கனியோட." பெருநகரத்துப் பால்கனி. கச்சேரி முடிந்த மறுநாள் வருவதாக அவளும் ஒத்துக்கொண்டாள். ஒத்திகையில் இதைச் சொன்னபோது, முதன்முறையாக எல்லோரும் ஒரே நேரத்தில் பாட்டை நிறுத்தினார்கள்.

அன்றே புல்லாங்குழல்காரர் வீட்டில், அவளைக் கூப்பிடாமல், ரகசியக் கூட்டம். பயிற்சி பெற்ற தொண்டைகளுக்குக் கிசுகிசுக்க வராது. கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. பிறகு படையாகக் கிளம்பி வந்தார்கள்.

"அக்கா, இந்த வருஷம் வெளியாள் யாருமே கிடைக்கல. நீங்கதான் சிறப்பு விருந்தினர்" என்றார் வக்கீல்.

"நானா? எனக்குத் தனியா பாடிப் பழக்கமே இல்லையே."

"ஒரே ஒரு பாட்டுக்கா."

"மறுநாள் நான் ஊருக்குப் போகணும். தெரியும்ல?"

"தாராளமா போகலாம்" என்றார் வக்கீல். கோர்ட்டில் வாய் கூசாமல் பேசும் மனுஷன், அன்றைக்குப் பார்த்து வியர்த்து வழிந்தார். புல்லாங்குழல்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தலையணை உறையை மூன்று தடவை மடித்தாள், பிரித்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பால்கனி. சரி என்றால் ஒரு பாட்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல், முன்வரிசையில்.

"பூங்கொத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றாள்.

கச்சேரியன்று கூடத்தில் ஊசி விழ இடமில்லை. அவள் பாடத் தொடங்கியதும் ஜனம் ஒருவரையொருவர் பார்த்தது. என்ன பாட்டு என்றே பிடிபடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான், ஆனால் அவள் பாடியது அதன் ஆல்டோவை. மெட்டு அவள் தொண்டைக்குப் பழக்கமே இல்லை, அதை எப்போதும் வேறு யாராவது பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரியில்தான் ஒவ்வொருவர் மனசிலும் மெட்டு தானாக எழுந்து வந்து அந்தக் குரல்மேல் உட்கார்ந்தது. இரண்டாம் சரணத்தில் சுருதி சற்று நழுவியது, பொய் சொல்வானேன். இருந்தும் மேடையில் இருந்த அத்தனை தனிப்பாட்டுக்காரர்களும் வாயைத் திறக்காமல் நின்றார்கள். மவுத்ஆர்கன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சளி என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் அவசரப்பட்டு மேடையை விட்டு இறங்கவும் இல்லை.

மறுநாள் காலை தெருவே பல் துலக்கும் சாக்கில் வாசலில் நின்றது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மருந்துக்கடை முனையில் வலப்பக்கம் திரும்பினாள், தன் கடைக்கே வந்து சேர்ந்தாள். இரண்டாவது தடவையும் அப்படியே. அதற்குள் மகளிடமிருந்து போன்.

"ரயில் ஏறிட்டியாம்மா?"

"ரயில் இருக்குடி. வழிதான் விட மாட்டேங்குது."

"கதை விடாதம்மா!"

"நீயே வந்து பாரு. எத்தனை நாள் வேணா இருந்துட்டுப் போ. பாட மட்டும் பாடிடாத."

மகள் நம்பவில்லை, இன்னொரு தடவை போய்ப் பார்க்கச் சொன்னாள். பெற்ற பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது என்று அவளும் கிளம்பினாள். இந்தத் தடவை பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது கையில் தெருக்கடையில் வாங்கிய பாலும் ரொட்டியும் இருந்தன. தெரு அதைப் பார்த்தது, வாய் கொப்பளித்தது, உள்ளே போயிற்று.