டவரில் ஒரு பதவி உயர்வு

சிரிப்பு வரும் கதைதான் இது. ஆனால் வாயை இப்போதே திறக்க வேண்டாம். டவர் இன்னும் சூடாகவில்லை.

அந்த ரசாயனத் தொழிற்சாலையில் பிராசஸ் இன்ஜினியர்களுக்குத் தனி அலுவலகம் கிடையாது. சரக்கைக் காய்ச்சி வடிக்கும் டவருக்குள்ளேயே, அடுக்கடுக்காக இருந்த தட்டுகளில் தட்டுக்கு ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தார்கள். அடியில் தீ. எடை குறைந்தவர் மேலே எழும்புவார், கனத்தவர் கீழே தங்குவார். பதவி உயர்வு என்பது அவ்வளவுதான். யூனியன்காரர்கள்கூட இதில் குறை சொன்னதில்லை.

நாச்சியப்பன் அடித்தட்டில் சேர்ந்தபோது நல்ல கனம்.

"எதையாவது விட்டுத் தொலைங்க சார்," என்றார் தீயைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியசாமி.

எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கத்தை விட்டார். சர்ரென்று ஒரு தட்டு ஏறினார். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டார், இன்னொரு தட்டு. மகளின் பள்ளி ஆண்டுவிழாவை விட்ட அன்று ஒரே தாவலில் இரண்டு. மனைவி மங்கை கீழேயிருந்து கத்தினாள்.

"ஏங்க, சோத்துக்காவது இறங்கி வாங்க!"

"உச்சிக்குப் போய்ட்டா மொத்தமா வெளியே வந்துடுவேன், மங்கை. குழாயடியில நில்லு."

மங்கை குடத்தோடு போய் நின்றாள்.

உச்சியில் குளிர் அறை. அங்கே போனவர் குளிர்ந்து, திரவமாகி, குழாய் வழியே வீடு போய்ச் சேர வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேரை வால்வு கீழே திருப்பி அனுப்பும். அப்போதுதான் சரக்கு சுத்தமாகும். நடுத்தட்டில் இருந்தபோது நாச்சியப்பன் ஒன்றைக் கவனித்தார்: திருப்பி அனுப்புவதைக் கூட்டக் கூட்டச் சுத்தமும் கூடியது. அந்தத் தட்டில் இருந்த வால்வுப் பிடியைத் திருகிக்கொண்டே போனார், அது நிற்கிற மட்டும்.

"அன்பார்ந்த ஊழியர்களே! சுத்தம் நூற்றுக்கு நூறு! நம்ம நாச்சியப்பன் சாருக்கு ஒரு ஜோரான கைதட்டு!" என்றது ஒலிபெருக்கி. அந்தப் பாராட்டையும் அவர் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றினால் கனக்கும்.

இங்கேயும் சிரிக்க வேண்டாம். மனுஷன் ஓய்வு பெறப் போகிறார்.

உச்சிக்கு வந்தார். மாலை போட்டார்கள். கால் விரலிலிருந்து குளிர்ந்து, சொட்டி, குழாயில் இறங்கினார். தூரத்தில் மங்கை தெரிந்தாள். குரல் கொடுக்கப் பார்த்தார். குழாய் வளைந்தது.

விழுந்த இடம் டவரின் அடித்தட்டு. நிற்க இடமில்லை. ஓய்வு பெற்றவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். போன வருஷம் மாலை வாங்கிய மேலாளர் ரெஜினாவும் இருந்தார்.

"மேடம், நீங்க ரிடையர் ஆகலையா?"

"இன்னிக்குக் காலையிலகூட ஆனேனே."

"அப்போ ஏன் இங்க..."

"வெளியே போற பக்கம் வால்வை முழுசா மூடினது நீங்கதானே சார்? வெளியே ஒரு சொட்டாவது போகுதான்னு பாத்தீங்களா?"

வெளியே மங்கை காய்ந்த குழாயைக் கையால் தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், கனமா ஏதாவது கொடுங்க! பிடிச்சுக்கிட்டு நடுத்தட்டிலேயே நின்னு வால்வைத் திறந்துடறேன்!"

"என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. தர மாட்டேன்."

நாச்சியப்பன் மறுபடி வாயைத் திறப்பதற்குள், எடை என்று எதுவும் மிச்சமில்லாததால், ஏறத் தொடங்கியிருந்தார். ஆரோக்கியசாமி தீயைக் கூட்டிவிட்டு, சாயங்காலப் பணி ஓய்வுக்கான மாலையை வாடாமல் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார்.