மூணாம் நம்பர் அக்காவின் தீர்ப்பு

அந்தத் தியேட்டரில் ஐந்து டிக்கெட் கவுண்டர்கள் உண்டு. வரிசை என்னவோ மூன்றாம் நம்பரில்தான் நீளும். அங்கே உட்கார்ந்திருப்பவளிடம் "அக்கா, படம் தேறுமா?" என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். "தேறும்." "தேறாது." "பாதி தேறும், இடைவேளையோட கிளம்பிடுங்க." டிக்கெட் விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாங்காதே என்று சொல்கிறவளை எந்த மேனேஜர் பொறுத்துக்கொள்வார்? அவரும் பல தடவை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவள் "தேறும்" என்றால் கூட்டம் அள்ளும் என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வெளியாகிற படத்தை வியாழன் காலையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தமும் வெளிச்சமும் சரியாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் பார்க்கும் நேரம் அது. காலி அரங்கில் அவள் மட்டும் நடுவரிசையில் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் மாடிப்படியில் நின்று மகனுக்கு போன் போடுவாள்.

மகனுக்கு வேலை ஒரு நாள் ரயில் தூரத்தில். அவன் வீட்டுப் பக்கம் வந்து ஒன்றரை வருஷம். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "உடம்பு எப்படி?" என்றால் அதற்கும் "ம்." அவன் அப்பா போன பிறகு இரண்டு பேருக்கும் பேச மிஞ்சியது சினிமா மட்டும்தான். "படம் எப்படிம்மா?" என்று அவன் ஆரம்பித்தால் பேச்சு பத்து நிமிஷம் ஓடும். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் அவள் வாரம் முழுக்க ஓட்டினாள். மற்ற நேரம் வீட்டில் பேச ஆளில்லாமல் டிவியோடு சண்டை போடுவாள்.

இந்த வாரம் விண்வெளிப் படம். கோடி கோடியாகக் கொட்டி எடுத்ததாம். ஊரெல்லாம் அதே பேச்சு. தியேட்டர் வாசலில் ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு விண்கலம் நின்றது. பெரிய திரைக்கென்றே எடுத்த படம். அப்படிப்பட்ட திரை இங்கேதான் இருந்தது. மகன் இருக்கிற ஊரில் கிடையாது.

வியாழன் மதியம் அவள் கடுப்போடு வெளியே வந்தாள்.

"படம் எப்படிம்மா?"

"அய்யோ, கேக்காத! கோடி கோடியா கொட்டி தூக்க மாத்திரை செஞ்சிருக்கானுங்க. மூணு மணி நேரம்டா! ஹீரோ கிரகம் கிரகமா போய் லெக்சர் அடிக்கிறான். அங்க இருக்கிறவனுங்களே பாவம், தாங்க முடியாம ஓடுறானுங்க. தேறவே தேறாது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! அவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது. இன்னும் நாலு போடு போட்டாள்.

"நல்லவேளை சொன்னம்மா," என்றான் அவன். "சனிக்கிழமை அங்க வர்றதுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருந்தேன். உன் பெரிய ஸ்க்ரீன்ல ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்னு. இதுக்காகவா ஒரு நாள் முழுக்க ரயில்ல உக்காந்து வரணும்? கேன்சல் பண்ணிடுறேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லடா... ரெண்டாவது பாதி அவ்வளவு மோசமில்ல. பனிக் கிரகம் வர்ற இடத்த கண்ணுல ஒத்திக்கலாம். அந்த சவுண்டு இருக்கே..."

"அம்மா, உனக்குப் பொய் சொல்ல வராது. விடு. அடுத்த வாரம் கூப்பிடு."

வைத்துவிட்டான். படம் கிடக்கட்டும், என்னைப் பார்க்க வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? மாட்டாளே! அவன் மட்டும் என்ன, உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று வாய் திறந்தானா? அந்தக் குடும்பமே அப்படித்தான். பாசம் என்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஏதாவது சாக்கு வேண்டும். சரியான ஜென்மங்கள்!

சனிக்கிழமை பகல் காட்சிக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. அவன் ரயில் வந்து சேர்ந்திருக்கும் நேரம். தண்ணீர் குடித்தாள்.

விரலெல்லாம் கிரீஸ் கறையோடு ஒரு மெக்கானிக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்தான். "அக்கா, விண்வெளிப் படம் தேறுமா? அம்மாவ கூட்டிட்டு வந்திருக்கேன். அவங்க தியேட்டருக்கு வந்தே வருஷக்கணக்காச்சு. தேறாதுன்னா சொல்லிடுங்க, வீட்டுக்கே போயிடுறோம்."

அவன் அம்மா வாசலில் அட்டை விண்கலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தேறும்," என்றாள் மூணாம் நம்பர் அக்கா. "கண்டிப்பா பாருங்க. நடுவரிசையில ரெண்டு சீட் தர்றேன்."

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கவுண்டரில் அவள் சொன்ன முதல் பொய் அது.

சாயங்காலம் காட்சி விட்டதும் மெக்கானிக் நேராக அவளிடம்தான் வந்தான். "ஏன்க்கா, உங்கள நம்பித்தானே போனேன்! அதெல்லாம் ஒரு படமா? அம்மா கால் மணி நேரத்துல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. கை மரத்தே போச்சு."

"எழுப்பலையா?"

"எப்படிக்கா எழுப்புறது? அசைஞ்சா முழிச்சுக்குவாங்களேன்னு அப்படியே உக்காந்திருந்தேன்."

மரத்துப்போன கையை உதறிக்கொண்டு அவன் நின்றான். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"மன்னிச்சுக்கப்பா. பொய்தான் சொன்னேன்," என்றாள்.

அவன் வாசலில் நின்ற அம்மாவிடம் போனான். வரிசையில் அடுத்து நின்ற பெண் கண்ணாடியருகே வந்தாள்.

"அக்கா, இந்த விண்வெளிப் படம் தேறுமா?"

மூணாம் நம்பர் அக்கா அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.